ஆறுமணி அக்காவின் அட்டைகள்

போன வாரம்வரை, பதினொரு வருடத்தில் எங்கள் பல்கலைக்கழக நூலகத்து வாசலில் ஒரு பறவைகூடச் செத்துக் கிடந்து நான் பார்த்ததில்லை. நூலகத்தின் கிழக்குச் சுவர் தரையிலிருந்து மூன்றாம் மாடிவரை முழுக்கக் கண்ணாடி. எதிரே அடர்த்தியாக மரங்கள். அந்தக் கண்ணாடிக்குள் மரமும் வானமும் அப்படியே தெரியும். கட்டடத் திறப்பு விழாவில் அந்த அழகைப் பற்றி நானே இரண்டு பக்கம் எழுதி வாசித்தேன். அங்கே ஒரு இறகுகூட என் கண்ணில் படாமல் போனதற்கு ஒரு மனுஷிதான் காரணம் என்பது போன செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முந்தைய நாள் அவர் வேலையை நான் பறித்திருந்தேன்.

அவரை எல்லோரும் ஆறுமணி அக்கா என்போம். துப்புரவுப் பணி. ஒப்பந்தக்காரரின் ஆள், எங்கள் ஆள் இல்லை. முதல் பஸ்ஸில் வந்து சரியாக ஆறு மணிக்குப் பின்வாசலில் நிற்பார். வாட்ச்மேன் தன் கைக்கடிகாரத்தை அவரைப் பார்த்துத்தான் திருத்திக்கொள்வார். ஐம்பத்தெட்டு வயது, என்னைவிட நான்கு வயது மூத்தவர். இங்கே வருவதற்கு முன் ஒரு மருத்துவமனையில் வார்டு பெருக்கினார். அதனால் தரையைப் பார்க்கும் பார்வையே வேறு. அழுக்கு அவருக்குச் சொந்தப் பகை. ஈரத் தரையில் யார் கால் வைத்தாலும் விடமாட்டார். ஒருமுறை இயற்பியல் துறைத் தலைவரையே வாசலில் நிறுத்திவிட்டார். "காயற வரைக்கும் அங்கேயே நில்லுங்க சார். புஸ்தகம் எங்கேயும் ஓடிடாது" என்றார். அந்த மனிதரும் கைகட்டி நின்றார்.

ஐந்தாம் வகுப்புவரை படித்திருக்கிறார். கணவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அக்கா சொல்லும் கதைப்படி, அந்த மனுஷன் தூக்கத்தில்கூட "முன்னாடி போங்க, முன்னாடி எடம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இவரைக் கட்டிலின் விளிம்புக்குத் தள்ளிவிடுவாராம். ஒரே மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், அடுத்த தெருவில்தான் குடித்தனம். இதையெல்லாம் அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நூலகத்தில் எல்லோரிடமும் பேசியிருக்கிறார். என்னிடம் மட்டும் அதிகம் பேசியதில்லை. ஏன் என்று நானும் கேட்டுக்கொண்டதில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் இங்கே துணை நூலகர். அக்காவுக்குப் பட்டப்பெயர் இருப்பதுபோல எனக்கும் ஒன்று உண்டு, என் முதுகுக்குப் பின்னால் புழங்குவது. 'எழுத்துல சார்.' யார் எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும், "வாய்ல சொன்னா ஆகாது, எழுத்துல குடுங்க" என்பேன். மின்விசிறி ஓடவில்லையா, எழுத்துல குடுங்க. குழாய் ஒழுகுகிறதா, எழுத்துல குடுங்க. இதில் பாதிக்கு மேல் எழுத்தில் வராது. வராவிட்டால் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். முப்பது வருடமாக அப்படித்தான் என் மேசையைச் சுத்தமாக வைத்திருக்கிறேன். என் மனைவி ஒருநாள் கடைச் சாமான் பட்டியலைத் தேதி போட்டு, கையெழுத்திட்டு நீட்டினாள். நான் கோபித்துக்கொண்டேன். ஆனால் பட்டியல் தெளிவாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

இந்த வருடம் நூலகத்தில் பசுமை வாரம் நடத்துவதென்று முடிவாயிற்று. பொறுப்பு எனக்கு. திங்கள் தொடக்க விழாவும் பறவைப் படக் கண்காட்சியும், செவ்வாய் காலை மரங்களைப் பார்த்தபடி ஒரு நடை, புதன் பழைய தாளில் நோட்டு தைப்பது, வியாழன் சொற்பொழிவு, வெள்ளி வினாடி வினா. நான் ஏற்றுக்கொண்ட வேலையில் எவனும் ஒரு குறை சொல்லக் கூடாது என்று வெறி எனக்கு. கிழக்குக் கண்ணாடியின் கீழ் வரிசையில் இருபத்து நான்கு பலகைகள் உண்டு. கழுவும் முறை தவறாமல் இருக்க ஒவ்வொன்றின் மூலையிலும் ஒப்பந்தக்காரர் ஒரு எண் ஒட்டியிருக்கிறார். நான் ஒரு பலகைக்கு ஒன்று வீதம் வெளியே இருபத்து நான்கு தண்ணீர்ச் சட்டிகள் வைக்கச் சொன்னேன், பறவைகள் குடிக்க. உள்ளே கண்ணாடியை ஒட்டி நாற்பது தொட்டிச் செடிகள். கண்ணாடியை இரண்டு முறை பளபளவென்று துடைக்க வேண்டும். கண்காட்சிப் படங்கள் வெளியிலிருந்தும் தெரியும்படி இரவு முழுக்க விளக்கு எரிய வேண்டும். 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்ற பலகைக்கு மேலேயே நான்கு விளக்கு போட்டோம். அப்போது அது யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஏற்பாட்டுக் கூட்டத்துக்கு அக்காவையும் அவருடைய சூப்பர்வைசரையும் கூப்பிட்டிருந்தோம். நான் வேலைகளை வாசித்து முடித்ததும் அக்கா எழுந்தார்.

"சார், தண்ணிச் சட்டிய அந்தக் கண்ணாடி ஓரமா வைக்க வேணாம். செடியும் வேணாம். பறவைக்கு ஆகாது."

"பறவைக்குத் தண்ணி ஆகாதா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு என் நகைச்சுவையில் ஒரு பெருமை.

அக்கா சூப்பர்வைசரை ஒருமுறை பார்த்தார். அவர் முறைத்தார். "வேணாம் சார், கேளுங்க" என்று மட்டும் அக்கா மறுபடி சொன்னார்.

"காரணம் இருந்தா எழுத்துல குடுங்க அக்கா."

"எழுதிக்கிட்டுத்தான் சார் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மறுபடியும் ஒரே சிரிப்பு. எழுத்துல சாருக்குச் சரியான பதில் என்று என் காதுபடவே யாரோ சொன்னார்கள். நான் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன்.

திங்கள்கிழமை பத்து மணிக்குத் துணைவேந்தர் வந்தார். கண்ணாடிக்கு முன்னால் மேடை, எதிரே இருநூறு நாற்காலி. 'நம் வளாகத்துப் பறவைகள்' என்று மாணவர்கள் எடுத்த முப்பத்திரண்டு படங்கள் உள்ளே வரிசையாக. துணைவேந்தர் பேச எழுந்தார். "நம்மோடு வாழும் இந்தச் சின்ன உயிர்களுக்கு" என்று தொடங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் டொப் என்று ஒரு சத்தம்.

யாரோ எதையோ எறிந்ததாகத்தான் நினைத்தேன். கண்ணாடியில் சாம்பல் பூசியதுபோல ஒரு சிறகின் தடம். கீழே தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு மீன்கொத்தி கால்கள் மேலே பார்க்கக் கிடந்தது. நீலம் அப்படியே மின்னியது. துணைவேந்தர் திரும்பிப் பார்த்து, விட்ட வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டொப். இது சின்னது, பச்சை. கொஞ்ச நேரம் சட்டித் தண்ணீரில் துடித்துவிட்டு அடங்கியது. முன் வரிசையில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டார். ஓடிப்போய் எடுப்பதா, பேச்சு முடியட்டும் என்று நிற்பதா தெரியாமல் மரம்போல நின்றேன்.

விழா எப்படியோ முடிந்தது. கூட்டம் கலைந்ததும் சட்டிகளின் பின்னால் பார்த்தேன். இன்னும் மூன்று கிடந்தன. எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் பாய்ந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அக்காவைக் கூப்பிட்டேன். சூப்பர்வைசரும் வந்தார்.

"காலையில இந்தப் பக்கம் பெருக்கவே இல்லையா?"

"பெருக்கினேன் சார். காலையில கிடந்ததையெல்லாம் எடுத்துட்டேன். இது அப்புறம் விழுந்தது."

"எப்பவும் இல்லாம இன்னைக்கு மட்டும் விழுமா? துணைவேந்தர் வர்ற அன்னைக்கா?"

அக்கா என் முகத்தையே பார்த்தார். கோபம் இல்லை. எதையோ எதிர்பார்த்து நின்றதுபோல இருந்தது. நான் என் அறைக்குப் போய்ப் புகார்ப் புத்தகத்தில் எழுதினேன். 'விழா நாளில் கிழக்குப் பக்கம் சுத்தம் செய்யப்படவில்லை.' ஒரே வரி, தேதி, கையெழுத்து. பழகிய கை. சூப்பர்வைசர் அதை வாசித்துவிட்டு, "நாளையிலிருந்து அவங்க வரமாட்டாங்க சார்" என்றார். ஒப்பந்தத்தில் இருப்பவரை ஒருமுறை நிறுத்தினால் பிறகு எங்கேயும் எடுக்கமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன்.

மறுநாள் ஏழு மணிக்கு மரங்களைப் பார்க்கும் நடை. அதனால் ஆறரைக்கே வந்துவிட்டேன். இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து அவ்வளவு சீக்கிரம் நான் வந்ததே கிடையாது. கட்டடத்தின் மூலை திரும்பினேன்.

முதலில் சருகு என்று நினைத்தேன். இரண்டடி போனதும் கால் நின்றுவிட்டது. கண்ணாடிச் சுவரின் நீளத்துக்கும் பறவைகள். ஒரு சட்டிக்குள் ஒன்று மிதந்தது. ஒரு மரங்கொத்தி. இரண்டு புறா. சிட்டுகள் நான்கோ ஐந்தோ. மஞ்சள் வயிறு உள்ள ஒன்று, பெயர் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், செடிகளுக்கு நடுவே, அதே மரங்கொத்தியின் படம் பெரிதாக்கி மாட்டியிருந்தது. கீழே 'நம் விருந்தாளிகள்' என்று நான் சொல்லி எழுதவைத்த வரி. விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. எண்ணினேன். பத்தொன்பது. நம்பாமல் மறுமுனையிலிருந்து எண்ணினேன். பத்தொன்பதுதான்.

வாட்ச்மேன் ஒரு சாக்குப்பையோடு வந்தார்.

"என்ன இது?" என்றேன்.

"இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி சார். தினமும் விடியறப்ப மோதி ரெண்டு மூணு கிடக்கும். சில நாள் ஏழெட்டு."

"தினமுமா?"

"தினமும்தான் சார். அக்கா எடுத்துருவாங்க. நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி எடுத்துரணும், யார் கண்ணுலயும் படக்கூடாது, பட்டா வேலை போயிடும்னு சூப்பர்வைசர் சொல்லி வச்சிருக்கார். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னாடி குழி தோண்டிப் போடுவாங்க. உயிர் இருந்தா வாளியைக் கவுத்துப்போட்டு அதுக்கடியில வெப்பாங்க. சிலது எழுந்து பறந்துரும்."

"எவ்வளவு நாளா?"

"கட்டடம் தெறந்த நாள்ல இருந்து."

அந்தக் கண்ணாடிக்கு உட்பக்கம் உட்கார்ந்து நான் பதினொரு வருடம் தேநீர் குடித்திருக்கிறேன். ஏழு மணி நடைக்கு மாணவர்கள் இன்னும் அரைமணியில் வருவார்கள் என்பது மட்டும் மண்டையில் ஓடியது. பெட்டி ஏதாவது வேண்டும், பறவைகளை எடுக்க வேண்டும் என்றேன்.

"அட்டைப்பெட்டி கீழ இருக்கும் சார், அக்கா சாமான் வைக்கிற எடத்துல" என்று வாட்ச்மேன் அடித்தள அறையின் சாவியைக் கொடுத்தார்.

அடித்தளத்தில் உடைந்த நாற்காலி, பழைய பலகை, நாங்கள் வேண்டாம் என்று தள்ளிய எல்லாம் கிடக்கும். துடைப்பமும் மஞ்சள் வாளியும் ஒழுங்காக ஒரு மூலையில் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் எங்கள் பழைய அட்டைப் பட்டியல் அலமாரி. புத்தகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுதி இழுப்பறையில் வரிசையாக அடுக்கும் காலம் ஒன்று இருந்தது. கணினி வந்ததும் அந்த அலமாரியை இங்கே தள்ளியதும், அட்டைகளை எடைக்குப் போடச் சொன்னதும் நான்தான். அந்த அலமாரி தூசி இல்லாமல் துடைத்திருந்தது. பதினொரு இழுப்பறைகளின் பித்தளைச் சட்டத்தில் புதிதாகப் பெயர்ச்சீட்டு செருகியிருந்தது. முதல் சீட்டில் வட்ட வட்டமான எழுத்தில், 'துணை நூலகர் சாருக்கு' என்று இருந்தது.

எனக்கா? இழுத்தேன்.

உள்ளே அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன இறகு, பசைநாடா போட்டு ஒட்டியது. மேலே தேதி முத்திரை. புத்தகம் கடன் கொடுக்கும் மேசையில் நாங்கள் பயன்படுத்திவிட்டுப் போட்ட அதே பழைய முத்திரை. அதில் வருடச் சக்கரம் ஒரு கட்டத்தோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வருடத்தை மட்டும் பேனாவால் எழுதியிருந்தார். முத்திரைக்குக் கீழே ஓரிரு வரி.

'கண்ணாடி 9. சின்னது, பச்சை. தொட்டபோது சூடு இருந்தது.'

'கண்ணாடி 17. மீன்கொத்தி. அலகு உடைந்தது.'

'கண்ணாடி 17. அதே நாள். இன்னொன்று. ஜோடி போல.'

'கண்ணாடி 3. பெயர் தெரியாது. மஞ்சள் வயிறு. ரொம்ப அழகு.'

அட்டையைத் திருப்பினேன். மறுபக்கத்தில் ஏதோ ஒரு புத்தகத்தின் விவரம், இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்த நாட்களில் நானே தட்டச்சு செய்தது. வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த ஒன்பது இழுப்பறைகளும் அதேபோல் நிரம்பியிருந்தன. இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அட்டையை எண்ண வேண்டாம், விரலால் அளந்தாலே போதும். வெறும் அட்டை அங்குலத்துக்கு நூறு. இறகு ஒட்டினால் தடிமன் கூடும், அறுபது என்று வைத்துக்கொண்டாலும் எட்டாயிரத்துக்குக் குறையாது. கடைசி இழுப்பறையின் சீட்டில் 'பறந்துபோனது' என்று எழுதியிருந்தது. அதில் ஒரு கைப்பிடி அட்டைதான். 'கண்ணாடி 11. மயக்கம். வாளிக்கடியில் ஒரு மணி நேரம். என் கையைக் கொத்திவிட்டுப் போனது' என்று ஒன்றில் எழுதி, கடைசியில் 'நல்லது' என்று சேர்த்திருந்தார். அதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க வேண்டிய ஆள் அங்கே யாரும் இல்லை.

ஆனால் இதை எதற்காக எனக்கு என்று எழுதினார்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

முதல் இழுப்பறையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். மாணவர்கள் வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். நடை கிடையாது என்றேன். செய்தித்தாள் பிரிவில் கட்டிப்போட்டிருந்த பழைய தாள்கள் அத்தனையையும் கொண்டுவரச் சொன்னேன். பசை காய்ச்சினோம். மரமும் வானமும் கண்ணாடியில் தெரியாதபடி வெளிப்பக்கமாக, ஏணி எட்டிய உயரம்வரை, கண்ணாடி முழுக்கத் தாளை ஒட்டினோம். சட்டிகளை மரத்தடிக்கு மாற்றினோம். செடிகளை நடுக்கூடத்துக்குத் தள்ளினோம். விளக்கை நானே அணைத்தேன். நூலகர் ஓடிவந்து, "என்னய்யா பண்றீங்க, யாரைக் கேட்டுப் பண்றீங்க?" என்றார். அந்த இழுப்பறையைத் தூக்கி அவர் கையில் வைத்தேன். அவர் பத்து அட்டை புரட்டினார். பிறகு கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பசை வாளியைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். முகவரி கொடுத்தது வாட்ச்மேன்தான். பின்தெருவில் இரண்டாவது மாடி, இரண்டு அறை. கண்டக்டர் கதவைத் திறந்து, "உள்ள வாங்க, எடம் இருக்கு" என்றார். அக்கா நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீடு துடைத்துத் துடைத்துப் பளபளத்தது. மூன்றாவது முறை துடைத்திருக்கிறாள் என்று கண்டக்டர் மெதுவாகச் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் அக்கா கேட்டுவிட்டார். "இன்னைக்கு எத்தனை சார்?"

"பத்தொன்பது."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "பதினேழாம் நம்பருக்கு எதுக்கால செடிவேலி இருக்கும். அதுக்குள்ள பாத்தீங்களா?"

"இல்ல."

"அடிபட்டது அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். அப்ப இன்னும் ஒண்ணு ரெண்டு இருக்கும். சட்டி?"

"எடுத்தாச்சு. விளக்கையும் அணைச்சாச்சு. கண்ணாடி மேல தாள் ஒட்டிட்டோம்."

"வெளிப்பக்கமாவா?"

"வெளிப்பக்கம்தான்."

"அப்ப சரி" என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அட்டையெல்லாம் பாத்தேன் அக்கா" என்றேன். "பெட்டியில எனக்குன்னு எழுதியிருக்கே. அது ஏன்?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நீங்க கேட்டதுதானே சார்."

"நானா? எப்போ?"

"புதுக் கட்டடத்துக்குப் புஸ்தகம் மாத்திக்கிட்டிருந்தீங்களே, அப்ப. நான் வேலைக்கு வந்து நாலாவது நாள். ஒரு பறவையை முறத்துல வச்சுக்கிட்டு உங்க ரூமுக்கு வந்தேன். சார், கண்ணாடியில மோதி விழுது, தினமும் விழுது, ஏதாவது பண்ணுங்கன்னு சொன்னேன். நீங்க தலைய நிமித்தல. வாய்ல சொன்னா ஆகாது, எழுத்துல குடுங்க, எந்தத் தேதி, எந்த எடம், என்ன விவரம், எல்லாம் இருக்கணும்னு சொன்னீங்க. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான்."

எனக்கு அது நினைவே இல்லை. இப்போதும் இல்லை. முறமும் நினைவில்லை, பறவையும் நினைவில்லை. அந்த வார்த்தைகள் மட்டும் என்னுடையவை என்பதில் சந்தேகமில்லை. எத்தனையோ பேரை விரட்ட நான் சொன்ன அதே வார்த்தைகள். இவர் ஒருவர்தான் அதை நம்பியிருக்கிறார்.

"கை வலிச்ச நாள்ல அட்டைய வீட்டுக்குக் கொண்டாருவா, நான்தான் எழுதுவேன்" என்று கண்டக்டர் சொன்னார். "நீலம்னு அழகா எழுதினதெல்லாம் நான் எழுதினது சார்."

"எழுதினது சரி அக்கா" என்றேன். "ஏன் என்கிட்ட குடுக்கல? பதினொரு வருஷமாச்சே. ஒரு பெட்டி குடுத்திருந்தாக்கூட..."

"எப்படி சார் குடுக்கறது? இன்னும் எழுதி முடிக்கலையே." அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். "முடிச்சுட்டு மொத்தமாக் குடுக்கலாம்னு இருந்தேன். இன்னையோட முடிஞ்சுதுன்னு நெனைப்பேன். காலையில வந்தா இன்னும் ரெண்டு கிடக்கும்."

கண்டக்டர் சன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்தில் வராதது பிரச்சினையே இல்லை என்று இருந்தவன் நான். எழுத்து என் காலுக்குக் கீழே, என் அறைக்கு நேர் அடியில், நாளுக்கு இரண்டு மூன்று அட்டையாக வந்துகொண்டே இருந்திருக்கிறது.

சூப்பர்வைசருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். அக்கா நாளைக்கே வேலைக்கு வர வேண்டும், தப்பு என்னுடையது என்றேன். மறுமுனையில் அவர் கொஞ்சம் தயங்கினார். "சார், நீங்க புகாரை எழுத்துல குடுத்துட்டீங்க. திரும்பப் பெறணும்னா அதையும் எழுத்துல குடுக்கணும்."

குடுக்கறேன் என்றேன். அக்காவிடம் தாள் கேட்டேன். சமையல் மேடையிலேயே வைத்து எழுதினேன். கிழக்குப் பக்கம் திங்களன்று சுத்தமாக இருந்தது என்று எழுதினேன். பறவைகள் விழுந்ததற்குக் காரணம் கண்ணாடியும், அதற்கு முன்னால் நான் வைக்கச் சொன்ன தண்ணீரும், செடியும், விளக்கும் என்று எழுதினேன். இதைப் பதினொரு வருடம் முன்பே இவர் என்னிடம் வந்து சொன்னார், நான் கேட்கவில்லை என்றும் எழுதினேன். நான்கு வரி கோணிக்கொண்டு போயிற்று. கையெழுத்துப் போட்டு அக்காவிடம் நீட்டினேன்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக விரலை நகர்த்தி, முழுவதையும் வாசித்தார். வாசித்து முடித்துத் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தேதி போடலையே சார்" என்றார்.